தற்காலிகக் கோப்புறையால் வலைச் செயலிக்கு என்ன ஆபத்து?

பதிவேற்றிய படம், பாதி தயாரான அறிக்கை போன்றவற்றை வலைச் செயலி சற்று நேரம் வைத்திருக்கும் இடமே தற்காலிகக் கோப்புறை. லினக்ஸ் சேர்வரில் அது பெரும்பாலும் எல்லாப் பயனருக்கும் பொதுவானது. ஒருவர் கோப்பை மற்றவர் அழிப்பதை அங்குள்ள வழமையான விதி தடுத்தாலும், செயலி அடுத்து உருவாக்கப்போகும் கோப்பின் பெயரை ஊகித்து, அதே பெயரில் வேறொரு முக்கியக் கோப்பைச் சுட்டும் இணைப்பை முந்தி வைப்பதை அந்த விதி தடுப்பதில்லை. அப்போது செயலி தன் அதிகாரத்தாலேயே அந்த முக்கியக் கோப்பை மேலெழுதிவிடக்கூடும்.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், நாம் கொட்டும் மூலையை அறிந்தவர் தன் சாக்கை முன்பே அங்கு விரித்து வைத்தால், நம் கொழுந்து அவர் கணக்கில்தானே விழும்?

ஊகிக்க முடியாத பெயர், கோப்பின் உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் விடும் 0600 அனுமதி, இணையத்தில் திறவாத தனிக் கோப்புறை ஆகியவை முக்கியக் காப்புகள். முதலாவதையே பலர் விட்டுவிடுகிறார்கள்.

உடனே அழிக்கப்படும் கோப்பால் தீங்கில்லை என்பது தவறான எண்ணம்: தாக்குபவருக்குச் சில மில்லி விநாடிகளே போதும்.