கம்பைலர் லைசென்ஸ் குழப்பம்: எங்கள் கோடை வெளியிட வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு கன்ட்ரோலர் தயாரிக்கிறோம். சிப், ஆர்ம் நிறுவன வடிவமைப்பான கார்ட்டெக்ஸ் எம்0. நாங்கள் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ் கம்பைலரின் (கோடை சிப்பில் ஓடும் பைனரியாக மாற்றும் மென்பொருள்) ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில், கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி லைசென்ஸ் என்றிருக்கிறது. கூடவே வரும் லைசென்ஸ் கோப்போ, விநியோகித்தால் சோர்ஸ் கோடையும் தரச் சொல்லும் ஜிபிஎல் 3. கம்பைலரின் துணை ஃபங்ஷன்கள் இருக்கும் ரன்டைம் ஃபோல்டரில் லைசென்ஸ் பற்றி எதுவுமே எழுதவில்லை. சிப்பில் ஏற்றும் எங்கள் ஃபர்ம்வேர் கோடை வெளியிட வேண்டிவருமா?

பதில்: கம்பைலர் ஜிபிஎல் என்பதற்காக மட்டும் வெளியிட வேண்டாம். வெளிவரும் பைனரியில் ஜிபிஎல் கோடு கலந்திருந்தால்தான் அந்த லைசென்ஸ் அதற்கும் பொருந்தும். ஜிபிஎல் என்றதுமே மேனேஜர்கள் பதறுவது பெரும்பாலும் தேவையற்றது.

ஆனால் உங்கள் விஷயத்தில் கலந்திருக்க வாய்ப்புண்டு. கார்ட்டெக்ஸ் எம்0-வில் வகுத்தலுக்குத் தனிக் கட்டளை கிடையாது. நீங்கள் ஒரு எண்ணை வகுத்தால், கம்பைலர் சத்தமில்லாமல் தன் ரன்டைமில் இருக்கும் ஃபங்ஷனை உங்கள் பைனரியில் சேர்த்துவிடும். இதற்காகவே ஜிபிஎல் கம்பைலரான ஜிசிசி 2009-இல் தன் ரன்டைம் நூலகங்களுக்குத் தனி விதிவிலக்கு கொடுத்தது. எல்எல்விஎம் என்ற இன்னொரு கம்பைலர் தொகுப்பின் அப்பாச்சி லைசென்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. உங்கள் கம்பைலரில் அது இல்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் லிங்கரிடம் (கோடு துண்டுகளை இணைத்து பைனரி ஆக்கும் கருவி) மேப் ஃபைல் கேட்டு வாங்குங்கள். ரன்டைமிலிருந்து எந்தெந்தக் கோப்புகள் உள்ளே வந்திருக்கின்றன என்று அதில் தெரியும். ஒன்றும் வரவில்லையா, கவலையை விடுங்கள். வந்திருந்தால் ரீட்மீயின் ஒற்றை வரியை நம்பி இறங்காதீர்கள். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி மென்பொருளும் இலக்கியப் படைப்புதான்; அனுமதி தராமல் விட்டால் உரிமை எழுதியவரிடமே இருக்கும். தெளிவு கிடைக்கும்வரை அந்தக் கோப்புகளை விதிவிலக்கில்லாத ஜிபிஎல் 3 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முழு ஃபர்ம்வேரின் சோர்ஸையும் தர வேண்டும். வீட்டுச் சாதனம் என்பதால், வாங்கியவர் மாற்றிய ஃபர்ம்வேரை அதில் ஏற்றத் தேவையான தகவலையும் தர வேண்டும்.

அப்புறம் ஆசிரியருக்கு எழுதுங்கள். “வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா?” என்று கேட்காதீர்கள், ஜிபிஎல்லிலும் அதற்கு ‘ஆம்’ தான் பதில். “ரன்டைம் ஃபோல்டர் எம்ஐடியா? ஆமென்றால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுதிவிடுவீர்களா?” என்று கேளுங்கள். மெயிலில் ‘சரி’ என்பதைவிட ரெபாசிட்டரியில் ஏறிய மாற்றம் பலமடங்கு மேல். யார் எதை எழுதினார் என்று காட்டும் கிட் வரலாற்றையும் பாருங்கள். அந்தக் கோப்புகளில் வேறு பலரும் எழுதியிருந்தால், வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தால், ஒருவர் வாக்கு போதாது.

பதில் வரவில்லையென்றால் காத்திருக்காமல் ரன்டைமை மாற்றிவிடுங்கள். ஆர்ம் விதிமுறையில் இந்த வகுத்தல் ஃபங்ஷன்களின் பெயர்கள் தரப்படுத்தப்பட்டவை. உங்கள் கம்பைலர் அதைப் பின்பற்றினால், எல்எல்விஎம்மின் ரன்டைமான கம்பைலர்-ஆர்டி பெரும்பாலும் அப்படியே பொருந்தும். சிப் இயங்கத் தொடங்கியதும் முதலில் ஓடும் ஸ்டார்ட்அப் கோடை நீங்களே எழுதலாம்.

ஏற்கெனவே விற்ற யூனிட்கள் இருந்தால் அதை மட்டும் வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். முதல்முறை மீறலென்றால், உரிமையாளரின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமை நிரந்தரமாகத் திரும்பக் கிடைக்கும் என்று ஜிபிஎல் 3 சொல்கிறது.