புத்தகம் அச்சான வருடத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் அலமாரி நிறைய மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். அவற்றில் சோவியத் ரஷ்யா சொர்க்கம். நான் வாங்கும் ஆங்கிலப் புத்தகங்களில் நரகம். எந்தப் பக்கமும் சாயாத ஒரே ஒரு வரலாற்று நூலைச் சொல்லுங்களேன்.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்படி ஒரு நூல் கிடையாது. அதைத் தேடுவதை விட்டுவிட்டு, கையில் எடுக்கும் புத்தகம் எந்த வருடம் எழுதப்பட்டது என்று பாருங்கள். 1956-க்கு முன்பா, 1991-க்கு முன்பா, அப்புறமா? 1956-ல் ஸ்டாலினின் குற்றங்களை, அவருக்குப் பின் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் பேசினார். 1991-க்குப் பிறகு ஆவணக் காப்பகங்கள் பெரிய அளவில் திறந்தன. அதுவரை இரண்டு தரப்பும் முக்கியமான காகிதங்களைப் பார்க்காமலேதான் எழுதின.

1953-ல், ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய கட்டுரை அதற்குள் சந்தாதாரர்களின் வீட்டுக்குப் போய்விட்டது. உடனே தபாலில் மாற்றுப் பக்கங்கள் வந்தன: பழையதை வெட்டி எடுத்துவிட்டு இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. பெரியா இருந்த இடத்தில் பேரிங் கடல் பற்றிய கட்டுரை. வரலாறு இப்படி எழுதப்பட்ட நாடு அது.

அதற்காக அப்பாவின் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜான் ரீடின் 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' அங்கே இருக்கலாம். அந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் 1917 அக்டோபர் புரட்சியைப் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நேரில் நின்று பார்த்தவர். அவர் புத்தகம் முழுக்க, புரட்சியை முன்னின்று நடத்தி, பிறகு ஸ்டாலினுக்கு எதிரியான ட்ராட்ஸ்கி. ஸ்டாலின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1938-ல் வந்த கட்சியின் சுருக்க வரலாற்றிலோ எழுச்சியை நடத்திய மையத்துக்கே ஸ்டாலின்தான் தலைவர், ட்ராட்ஸ்கி துரோகி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த அக்டோபரைப் படியுங்கள்.

ராபர்ட் கான்குவெஸ்ட் 1968-ல் எழுதிய 'தி கிரேட் டெரர்' ஸ்டாலின் காலக் கைதுகள், கொலைகள் பற்றிய துணிச்சலான நூல். ஆனால் காப்பகம் திறக்கும் முன் எழுதியது, எண்ணிக்கைகளை அதிலிருந்து எடுக்காதீர்கள். 1937, 38 இரண்டே ஆண்டுகளில் மரண தண்டனை பெற்றவர்கள் 6,81,692 பேர் என்பது சோவியத் பாதுகாப்புத் துறையின் சொந்தக் கணக்கு. இ.எச். கார் சோவியத் வரலாற்றைப் பதினான்கு பாகம் எழுதியும் 1929-ஐத் தாண்டவில்லை. பொறுமை இருந்தால் பாருங்கள். பொதுக் குடியிருப்பில் எத்தனை குடும்பம் ஒரே சமையலறையைப் பகிர்ந்தது, ரொட்டிக்கு எப்படி வரிசையில் நின்றார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஷீலா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'எவ்ரிடே ஸ்டாலினிசம்'.

ஆனால் நான் முதலில் படிக்கச் சொல்வது வரலாற்று நூலே இல்லை. யெவ்கேனியா கின்ஸ்பர்க்கின் நினைவுக் குறிப்பு, 'ஜர்னி இன்டு தி வேர்ல்விண்ட்'. கசான் நகர ஆசிரியை, கட்சியை மனதார நம்பியவர். 1937-ல் கைதாகி, சிறை, ரஷ்யாவின் தூரக்கிழக்கில் கொலிமா கட்டாய உழைப்பு முகாம், நாடுகடத்தல் என்று பதினெட்டு ஆண்டுகள் போயின. முகாமுக்குப் போகும் ரயில் பெட்டியில் உடன் இருந்த பெண்களுக்காக அவர் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்கிறார். புத்தகம் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று காவலர்கள் பாய்ந்து வருகிறார்கள். புத்தகம் இல்லை என்று நிரூபிக்க, அவர்கள் முன்னால் ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் வரிகளைப் பிசகாமல் சொல்லிக்கொண்டே போகிறார்.