மெல்லிய டச் ஸ்கிரீன் கேமரா: தினப்படிப் படங்களுக்கு வாங்கலாமா?

கேள்வி: மகள் இந்த ஆண்டு கல்லூரி விடுதியில் சேருகிறாள். கையில் போன் இருந்தாலும் தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வேண்டும் என்கிறாள். பழைய கேமரா விற்கும் கடையில் சோனி சைபர்-ஷாட் டி77 என்ற மாடலைக் காட்டினார்கள். மெல்லியது, டச் ஸ்கிரீன், 10 மெகாபிக்சல். விலை 6,500 ரூபாய். தினமும் பையில் வைத்துப் படம் எடுக்க இது சரிப்படுமா? போனிலேயே 50 மெகாபிக்சல் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். – ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மெகாபிக்சல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். டி77 தரும் படம் 3,648 × 2,736 புள்ளிகள் கொண்டது. நல்ல தரத்தில் அச்சிட்டால் 12 அங்குல அகலம், 9 அங்குல உயரம் வரை போகலாம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பவும், ஆல்பத்தில் ஒட்டவும், சட்டம் போட்டு மாட்டவும் இது தாராளம். ஆகவே 10-ஆ 50-ஆ என்ற கணக்கை வீட்டில் ஓரம் வைத்துவிடச் சொல்லுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் இந்தக் கேமரா எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் பார்க்க வேண்டியது. அதற்கு அதன் உடம்பு ஏன் இவ்வளவு மெல்லியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரணக் கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் குழல் வெளியே நீளும். டி77-இல் எதுவும் நீளாது. முன்பக்க மூடியைக் கீழே தள்ளினால் மேல் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடி தெரியும், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு பட்டகம் இருக்கிறது. உள்ளே வரும் ஒளியை அது 90 டிகிரி கீழ்நோக்கித் திருப்பிவிடும். ஜூம் லென்ஸ்கள் உடம்புக்குள்ளேயே மேலும் கீழுமாக நகரும். 2002-இல் மினோல்டா தன் டிமாஜ் எக்ஸ் கேமராவில் இந்த அமைப்பை 20 மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடக்கிக் காட்டியது. அடுத்த ஆண்டு சோனி டி1 வந்தது. அந்த வரிசையில் 2008-இல் வந்த டி77-இன் தடிமன் சுமார் 15 மில்லிமீட்டர். சட்டைப் பையில் போட்டால் துருத்திக்கொண்டு நிற்காது. எனக்கு இந்த வகைக் கேமராக்கள் மேல் நிஜமான பிரியம் உண்டு. கையோடு இருக்கிற கேமராவில்தான் படம் எடுக்க முடியும்.

ஆனால் இந்த மெல்லிய உடம்புக்காக வெளிச்சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். பெரிய கண்ணாடிகளுக்கு உள்ளே இடமில்லை. அதனால் லென்ஸ் திறப்பு அதிகபட்சம் எஃப் 3.5, முழு ஜூமில் எஃப் 4.6. இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம். இன்றைய போன்கள் பலவற்றின் பிரதான கேமரா எஃப் 1.8 அளவில் திறக்கும். இரண்டுக்கும் நடுவே ஒளியில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம். ஒளியை வாங்கும் சென்சாரும் சிறியதுதான், ஏறத்தாழ 6.2 × 4.6 மில்லிமீட்டர்.

இதை உங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாருங்கள். ராத்திரி ஒரு டியூப்லைட் எரிகிறது. ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறனுக்கான எண், 400-க்கு மேல் போனால் இந்த வயதுக் கேமராவில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிய ஆரம்பிக்கும். முகத்தின் நுணுக்கம் மெழுகுப் பூச்சாகிவிடும். 400-லேயே நிறுத்தினால் ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/15 நொடி, மிஞ்சிப்போனால் 1/30 நொடி கிடைக்கும். உட்கார்ந்து பேசுகிறவர்களை எடுக்க இது போதும். அசைவு தடுக்கும் வசதி லென்ஸிலேயே இருப்பதால் கை நடுக்கமும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அது கை நடுக்கத்தை மட்டும்தான் தடுக்கும். ஓடுகிற குழந்தையை, ஆடுகிற தோழியை உறைய வைக்க 1/125 நொடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் அது இந்தக் கேமராவால் முடியாது. போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கிச் சமாளிக்கிறது. டி77-க்கு அந்த வித்தை தெரியாது.

அங்கேதான் ஃபிளாஷ் கைகொடுக்கிறது. போனில் இருப்பது எல்இடி விளக்கு. இதில் இருப்பது நிஜமான செனான் ஃபிளாஷ். ஆயிரத்தில் ஒரு நொடியோ அதற்கும் குறைவாகவோ மின்னி மறையும். சிரிப்பு, துள்ளல், விரிந்த கூந்தல் எல்லாம் அப்படியே நின்றுவிடும். பிள்ளைகள் பழைய கேமராக்களைத் தேடி வாங்குவதற்கு இந்த ஃபிளாஷ் ஒரு பெரிய காரணம். பின்னணி இருண்டு முகம் மட்டும் பளிச்சென்று நிற்கும் தோற்றம் அவர்களுக்குப் பிடிக்கிறது. சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் என்பதால்தான் நிறம் அழகாக வருகிறது என்று கடையில் சொல்வார்கள். சென்சாரைவிட இந்த ஃபிளாஷும், படத்தைக் கேமரா பதப்படுத்தும் விதமும்தான் அந்த நிறத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. ஃபிளாஷ் எட்டும் தூரமும் கொஞ்சம்தான்: இரண்டு மூன்று மீட்டர். விடுதி அறைக்குள் சரியாக வரும். ஆண்டு விழா மேடைக்கு எட்டாது.

இன்னொன்று, காட்சியின் அகலம். பழைய ஃபிலிம் கணக்கில் டி77-இன் லென்ஸ் 35 மில்லிமீட்டரில் தொடங்கி 140-இல் முடிகிறது. போன்கள் பெரும்பாலும் 24-க்குப் பக்கத்தில் தொடங்கும். எண் சிறியதாக இருந்தால் காட்சி அகலம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் போனில் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலம் அடங்கும். இதில் இரண்டு மீட்டர்தான். அதாவது சின்ன அறையில் ஆறு பேர் குரூப் போட்டோ எடுக்க உங்கள் மகள் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் இரண்டு பேருக்கு மேல் அடங்குவது கஷ்டம். அதே சமயம் ஒருவரை மட்டும் கொஞ்சம் ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள். போனை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தால் மூக்கு பெரிதாகத் தெரியுமே, அந்தக் கோளாறு இதில் வராது. தள்ளி நின்று எடுத்த முகம் நிதானமாக, இயல்பாக இருக்கும்.

அப்புறம் டச் ஸ்கிரீன். இதில் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு. நல்லது, திரையில் ஒரு முகத்தையோ பூவையோ தொட்டால் அங்கே ஃபோகஸ் போய் நிற்கும். கூட்டத்தில் யாரை எடுக்கிறோம் என்று கேமராவுக்குச் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது. தொல்லை, ஷட்டர், ஜூம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற எல்லாமே திரைக்குள் போய்விட்டது. ஃபிளாஷை நிறுத்த வேண்டுமா, டைமர் வைக்க வேண்டுமா, திரையில்தான் தட்ட வேண்டும். இது போன் திரை மாதிரி லேசாக வருடினால் கேட்காது, அழுத்தத்துக்குத்தான் வேலை செய்யும். நகத்தால் தொட்டால் நன்றாகக் கேட்கும். நேரே கண் வைத்துப் பார்க்கிற துவாரம் இதில் இல்லாததால், உச்சி வெயிலில் திரை மங்கித் தெரிவதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். லென்ஸ் மூலையில் இருப்பதால் இடது கை விரல் படத்துக்குள் வந்துவிடும். முதல் வாரம் எல்லோருக்கும் இது நடக்கும், பிறகு கை பழகிவிடும்.

இனி கடையில் செய்ய வேண்டியது. அவசரப்படாமல் கால் மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்மூடியைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு தடவையும் தடுமாறாமல் ஆன் ஆகி அணைய வேண்டும். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டங்கள் தெரிந்தால் உள்ளே தூசி போயிருக்கிறது. மடித்த லென்ஸ் அமைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்வது எளிதான வேலை இல்லை. அப்படி இருந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். பிரகாசமான விளக்கைக் காட்டும்போது திரையில் ஊதா நிறத்தில் நேர்க்கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், சிசிடி சென்சார்களின் சுபாவம் அது. எடுத்த படத்திலேயே எப்போதும் ஒரே இடத்தில் கோடு விழுந்தால்தான் பழுது.

டச் ஸ்கிரீனைச் சோதிக்க இந்தக் கேமராவிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. எடுத்த படத்தின் மேல் வரைவதற்குப் பெயிண்ட் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறந்து நகத்தால் மூலைக்கு மூலை கோடு இழுங்கள். பிறகு நான்கு ஓரங்களிலும் இழுங்கள். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கே திரை செத்துவிட்டது. எல்லாம் இந்தத் திரை வழியாகத்தான் என்பதால், ஓரத்தில் ஒரு இடம் வேலை செய்யாவிட்டாலும் அங்கே வரும் பொத்தானை உங்களால் தொடவே முடியாமல் போகும். தொடுகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கோடு விழுந்தால் அது வேறு. செட்டிங்ஸில் கேலிபரேஷன் என்று இருக்கும், சரிசெய்துவிடலாம்.

பேட்டரியைக் கழற்றி மேஜை மேல் வையுங்கள். ஆடாமல் படிந்து உட்கார வேண்டும். வயிறு உப்பியிருந்தால் வாங்கக் கூடாது. புதிதாக இருந்தபோதே ஒரு சார்ஜில் இருநூறு படங்களுக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. இப்போது அதில் பாதி வந்தாலே நல்ல பேட்டரி. நாள் முழுக்க வெளியே போவதாக இருந்தால் இரண்டாவது பேட்டரி வேண்டும். கவனிக்க வேண்டியது சார்ஜர். கேமராவில் யுஎஸ்பி செருகி இதைச் சார்ஜ் செய்ய முடியாது. பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில்தான் போட வேண்டும். கம்ப்யூட்டருக்கான கேபிளும் சோனிக்கே உரிய தனி வகை. இரண்டும் பெட்டியில் இல்லை என்றால் 6,500 என்பது முழு விலை ஆகாது.

கார்டு அதைவிடப் பெரிய தலைவலி. 2010-க்கு முன் வந்த சைபர்-ஷாட்டுகள் பெரும்பாலும் மெமரி ஸ்டிக் என்ற சோனியின் சொந்தக் கார்டைத்தான் ஏற்கும். நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எஸ்டி கார்டு இதில் நுழையாது. மைக்ரோ எஸ்டியைப் பொருத்தும் அடாப்டர்கள் உண்டு. கடைக்காரரிடமே அதைப் போட்டு, படம் எடுத்து, அணைத்து, மறுபடி ஆன் செய்து படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மகளின் போனில் செருகுகிற ஒரு சின்னக் கார்டு ரீடரும் சேர்த்து வாங்கினால் விடுதியில் லேப்டாப் இல்லாமலே படங்களை எடுத்துக்கொள்வாள்.

சரி, முடிவு என்ன? பகல் வெளிச்சத்துப் படங்கள், தோழிகளோடு ஃபிளாஷ் படங்கள், பூ, கோலம், சாப்பாட்டுத் தட்டு: இவைதான் அவளுடைய ஆசை என்றால் டி77 மனசுக்குப் பிடித்த துணையாக இருக்கும். சார்ஜர், கேபிள், வேலை செய்யும் கார்டு மூன்றும் சேர்ந்து 6,500 என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் அவற்றின் விலையைக் கழித்துப் பேசுங்கள். வீடியோவுக்காக வாங்க வேண்டாம், 640 × 480-க்கு மேல் கிடையாது. ராத்திரிப் படங்களும் முக்கியம் என்று சொல்கிறாளா? அப்படியானால் அதே கடையில் சோனியின் டிஎக்ஸ்1 இருக்கிறதா என்று கேளுங்கள். 2009-இல் வந்தது, ஆறு படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இரைச்சலைக் குறைக்கும். அதையும் மிஞ்சி 2010-இன் டிஎக்ஸ்7 அல்லது டிஎக்ஸ்5 கிடைத்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். சாதாரண எஸ்டி கார்டே அவற்றுக்குப் போதும்; லென்ஸும் 25 மில்லிமீட்டரிலிருந்து தொடங்குவதால் குரூப் போட்டோவுக்குச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியதில்லை. டிஎக்ஸ்5-ஐ மூன்று மீட்டர் ஆழத் தண்ணீர் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். இத்தனை வருஷத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அதன் ரப்பர் இறுகிப் போயிருக்கும், ஆகவே குற்றாலத்துக்கு எடுத்துப் போனால் அருவிக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.