உலர் பழமும் உலராத கடனும்

கேள்வி: சர்க்கரை தோய்த்த கடை நொறுக்குத்தீனி குழந்தைகளுக்கு வேண்டாம் என்று, ஒன்றரை வருடமாக ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் வீட்டிலேயே நறுக்கி உலர்த்திக் கொடுக்கிறேன். அதற்காக டீஹைட்ரேட்டர் வாங்கினேன், பிறகு பாக்கெட்டில் இருக்கும் காற்றை உறிஞ்சி மூடும் வேக்யூம் சீலர். கணவரின் அக்காவுக்கு ருசி பிடித்துப்போய் மாதம் 2 கிலோ கேட்கிறார். பணம் அப்புறம் தருகிறேன் என்பார். பழமெல்லாம் கிரெடிட் கார்டில்தான் வாங்குகிறேன். குறைந்தபட்சத் தொகையைவிட நிறையவே கட்டியும் நிலுவை அசையவில்லை. கணவருக்கு இது தெரியாது. இப்போது அக்கா, பழத்தை உறையவைத்து உலர்த்தும் மெஷின் ஒன்றைக் காட்டி, "ஃப்ரீஸ் டிரையர் வாங்கிப் போடு, விற்கலாம். லோனை உன் பேரில் எடு, தவணையில் பாதி நான் தர்றேன்" என்கிறார். போன மாதம் பாக்கெட் போட்டு வைத்ததில் ஒரு பகுதி பூஞ்சை பிடித்து வீணானது. இதெல்லாம் லாபமா, நஷ்டமா? மெஷின் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மீதியைப் படித்து முடிப்பதற்குள் எங்கேயும் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாதே என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரவு செலவு எழுதுங்கள் என்றெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடிதத்தோடு வந்த நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். தேதி, பழத்தின் எடை, மெஷின் ஓடிய மணிக்கணக்கு, எல்லாம் அழகாக இருக்கிறது. மாதாமாதம் ஒரு வரி மட்டும் அச்சடித்ததுபோல வருகிறது: "அக்கா – 2 கிலோ – பிறகு". அந்த வரிக்கு எதிரே தொகை எழுதும் இடம் ஒரு மாதம்கூட நிரம்பவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது.

2 கிலோ என்பது என்ன என்று பார்ப்போம். ஒரு கிலோ ஆப்பிளில் தோலும் நடுத்தண்டும் போனால் 800 கிராம் தேறும். அதில் 85 சதவீதம் தண்ணீர். அது முழுக்க வற்றாது, கொஞ்சம் ஈரம் மிஞ்சும், அதையும் சேர்த்து உலர்ந்து கையில் நிற்பது 160 கிராம். ஆக, ஒரு கிலோ உலர் பழத்துக்கு ஆறு கிலோவுக்கு மேல் பழம். உங்கள் நாத்தனாருக்குப் போகும் 2 கிலோவுக்காக நீங்கள் வாங்குவது 12 கிலோவுக்கு மேல். உங்கள் வீட்டுக்கு மாதம் அரை கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு 3 கிலோ. பழச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால் 80 அவருக்கு, 20 உங்கள் பிள்ளைகளுக்கு. மின்சாரம் பெரிய விஷயமில்லை. 600 வாட் மெஷின் 10 மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 6 யூனிட், மாதம் மூன்று முறை போட்டால் 18. அதிலும் பெரும்பங்கு அக்கா கணக்கு என்பது வேறு விஷயம்.

இனி கார்டு. உங்கள் நிலுவை ஒரு மாதப் பழச் செலவைப்போல் ஆறு மடங்கு, அதாவது நம் கணக்கில் 600. வட்டி மாதம் 3 சதவீதம் என்று ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. மாத வட்டி 18. பிள்ளைகள் தின்னும் பழம் 20, வட்டி 18. கிட்டத்தட்ட அவர்கள் தின்னும் அளவுக்கு வங்கியும் தின்கிறது. நீங்கள் மாதம் 110 கட்டுகிறீர்கள், ஆனால் புதிதாக 100-க்குப் பழம் வாங்குகிறீர்கள், மேலே 18 வட்டி. 600 அடுத்த மாதம் 608 ஆகிறது. அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அசைகிறது, மேல்நோக்கி.

பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா அவகாசம் பொதுவாகக் கிடைக்காது. ஆப்பிளைப் பையில் போட்ட அன்றைக்கே அதற்கு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். மாதம் 3 என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். அந்த வட்டிக்கு வாங்கி, வட்டியும் இல்லாமல் அசலும் வராமல் ஒருவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இதற்குப் பெயர் பலகாரம் செய்வதல்ல.

அக்காவுக்குப் பழம் வாங்குவதை மட்டும் நிறுத்துங்கள். உங்கள் வீட்டுப் பழத்துக்கு 20-ஐ ரொக்கமாகக் கொடுங்கள். இப்போது கட்டும் 110-இல் மீதி 90 முழுவதும் கார்டுக்குப் போகட்டும், கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். எட்டு மாதத்தில் 600-ம் தீர்ந்துவிடும். அதற்குச் சம்பளம் ஒரு காசுகூட உயர வேண்டியதில்லை.

அக்காவிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்கு மலைப்பாக இருக்கும். சண்டை வேண்டாம். "அக்கா, இனிமே பழம் நீங்க வாங்கிக் கொடுத்துடுங்க, நான் நறுக்கிக் காய வெச்சுத் தர்றேன்." இவ்வளவுதான். உங்கள் உழைப்பு அன்பளிப்பாக இருக்கட்டும், பழம் அவருடையது. 12 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை உங்கள் வீட்டுப் படி ஏறினாரானால், அடுத்த மாதம் அரை கிலோ போதும் என்று அவரே சொல்வார் என்பது என் ஊகம். பழைய பாக்கி வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் நேராகக் கார்டுக்கு.

ஃப்ரீஸ் டிரையர் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. வீடியோவில் பார்க்கும்போது எல்லாருக்கும் ஆசை வரும், பழம் மொறுமொறுவென்று பொரிபோல் வரும், நிஜம்தான். ஆனால் விலை உங்களிடம் இருக்கும் மெஷினைப்போல் பல மடங்கு. ஒரு தடவை போட்டால் முடிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், வேக்யூம் பம்புக்குப் பராமரிப்பு தனி. எடுத்துக் காற்றில் வைத்தால் சீக்கிரமே ஈரம் இழுத்து நமுத்துப்போகும். நாத்தனார் காட்டிய லோன் "வெறும் 12 சதவீதம், மூன்று வருடம்" என்கிறது. சின்ன எழுத்தில் ஃபிளாட் என்று இருக்கிறது. நீங்கள் அசலைக் குறைத்துக்கொண்டே வருவீர்கள், அவர்கள் கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி போடுவார்கள். உண்மையான வட்டி 21 சதவீதத்தை ஒட்டி வரும். பாதித் தவணை தருவதாகச் சொல்பவர், பாதிப் பழத்துக்கே இன்னும் பணம் தராதவர். லோன் உங்கள் பேரில் என்றால் கடன் கொடுத்தவர் கதவைத் தட்டுவதும் உங்களைத் தேடித்தான்.

லாபமா நஷ்டமா என்று கேட்டீர்கள். பழத்தின் கிலோ விலையை ஆறால் பெருக்கி மின்சாரத்தைச் சேருங்கள். கடையில் சர்க்கரை சேர்க்காத உலர் ஆப்பிள் கிலோ அதைவிட மலிவாகக் கிடைத்தால் வீட்டில் செய்வதில் மிச்சம் இல்லை. விலை இறங்கும் பருவத்திலும், கனிந்துபோய் வீணாக இருக்கும் பழத்திலும்தான் மிச்சம். தோலோடு ஒரு கிலோ வாழைப்பழத்தில் 200 கிராம் வரை தேறும், அந்த வகையில் அது ஆப்பிளைவிடத் தேவலை.

பூஞ்சை பிடித்ததற்கு சீலர்தான் பாதிக் காரணம் என்பேன். துண்டுகள் ஒரே சீராக உலர்வதில்லை. நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு போட்டு மூடி, ஒரு வாரம் பத்து நாள் தினம் ஒருமுறை குலுக்குங்கள். ஈரம் எல்லாத் துண்டுக்கும் சமமாகப் பரவும். ஜாடியின் உள்பக்கம் துளி நீர் கோத்தால் மறுபடி டீஹைட்ரேட்டருக்கு. நீங்கள் சூட்டோடு சீல் போட்டு ஈரத்தையும் உள்ளேயே பூட்டிவிட்டீர்கள். பழைய ஜாடி செய்யும் வேலைக்கு ஒரு மெஷின். யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் சீலரைக் கொடுத்துவிடுங்கள்.

இன்று ராத்திரி கார்டு ஸ்டேட்மென்ட்டையும் அந்த நோட்டையும் கணவர் முன்னால் வையுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை. 608 ஆகும் வரை காத்திருந்து காட்டுவதைவிட 600-இல் காட்டுவது நல்லது. அக்காவிடம் பேசும் வேலையையும் அவரிடமே விட்டுவிடலாம், அவருடைய அக்காதானே.