ஓட்டு கேட்டு வருகிறவரிடம் குளத்தைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கொளுத்தும் வெயில், காய்ந்த குளம், 2023 டிசம்பர் வெள்ளம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஊராட்சித் தேர்தலுக்கு ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் டெல்லியில பேசுற விஷயம் அண்ணாச்சி” என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். நழுவ முடியாதபடி எப்படிக் கேட்பது?

பதில்: கேள்வி பெரிதாக இருப்பதால்தான் சிரிக்க முடிகிறது. “காலநிலை மாற்றத்துக்கு என்ன செய்வீர்கள்?” என்றால் “மரம் நடுவேன்” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதில் கையெழுத்துப் போடுவாரோ, அதை மட்டும் கேளுங்கள். எந்த இடம், எந்தப் பணம், எந்த மாதம் என்ற மூன்றும் பதிலில் வர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அது வெறும் பேச்சு.

உங்கள் வட்டாரத்தில் குளத்திலிருந்து தொடங்குவதே சரி. அதற்கு முன் அது யாருடைய குளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு (குளத்துத் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருணி, குட்டை எல்லாம் ஊராட்சி. இது தெரியாமல் கேட்டால் தலைவர் வேட்பாளர் “பி.டபிள்யூ.டி. குளம், நம்ம கையில இல்ல” என்பார். நீர்வளத் துறையைத்தான் ஊரில் இன்னும் அப்படிச் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கும். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேட்டை எடுத்தால் குளம், ஓடை என்ற வகைப்பாடும் பரப்பும் தெரியும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

“தூர்வாருவேன்” என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே விடாதீர்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் வண்டல் எடுத்தால் 3,000 கன மீட்டர், அதாவது 30 லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். ஆனால் எங்கே, எவ்வளவு ஆழம் என்பதில்தான் கோளாறு நடக்கிறது. டிப்பருக்கு வசதியாக ஒரே இடத்தில் பள்ளம் பறித்தால், மடையின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வயலுக்கு வராது. ஆடு மாடு குடிக்கும், கிணறு கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். கரையை ஒட்டித் தோண்டினால் அடுத்த பெருமழையில் கரையே சரியும். ஆக இப்படிக் கேளுங்கள்: மடை மட்டத்துக்கு மேல் உள்ள வண்டலைத்தான் எடுப்பீர்களா? கரையிலிருந்து எவ்வளவு தள்ளி? மண் யார் வயலுக்குப் போகும்? குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கச் சுத்தமாகுமா? வரத்துக்கால் அடைந்து கிடந்தால் குளத்தை எவ்வளவு தோண்டினாலும் வீண்.

மாதத்தையும் விடாதீர்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் குளத்தில் கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பதற்குள் வேலை முடிய வேண்டும்; ஏப்ரல், மே தவிர வேறு வழியில்லை. மழையை நம்பிய குளத்துக்குச் செப்டம்பர் வரை நேரம் உண்டு. ஐப்பசி மழையில் ஜேசிபி இறங்கினால் பில்லுக்காக இறங்குகிறது என்று அர்த்தம்.

குளம் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகாலைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்தக் குளமும் தாங்காது. சாதாரணப் பெருமழையிலேயே கரை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைபட்ட மறுகால். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மீன் தப்பாமல் இருக்க வலை கட்டுவார். அதில் செத்தையும் ஆகாயத்தாமரையும் வந்து அடையும். சிலர் மட்டத்தை உயர்த்த மணல் மூட்டையே அடுக்குவார்கள். குளத்தைக் குத்தகை விடுவது யாரோ அவர்கள் ‘அக்டோபர் முதல் மறுகாலில் எதுவும் கட்டக்கூடாது’ என்று நிபந்தனை எழுத முடியும். எழுதுவீர்களா என்று அந்தப் பொறுப்புக்கு நிற்கும் வேட்பாளரிடம் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பைத் தெருவில் வைத்துக் கேட்டால் சண்டைதான் வரும். அந்த வீட்டில் நாலு ஓட்டு இருக்கும். “வரத்துக்காலைச் சர்வேயர் வைத்து அளந்து கல் நடத் தீர்மானம் போடுவீர்களா?” என்று கேளுங்கள். அகற்றும் அதிகாரம் எப்படியும் தாசில்தாருக்கும் துறைக்கும்தான். அளக்கவே சம்மதிக்காதவர் மற்றதைச் செய்யப்போவதில்லை.

“நிதி இல்லை” என்பதற்கும் பதில் உண்டு. 2021-26க்கான 15வது நிதிக்குழு மானியத்தில் ஊரக உள்ளாட்சிகளுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் ஊராட்சியில் அது எதில் செலவானது என்று அந்த ஆண்டுகளில் பதவியில் இருந்த உறுப்பினர்களிடம் கேட்கலாம். தெருவிளக்கில் கணக்கு இன்னும் எளிது. 200 குழல் விளக்கை 40 வாட்டிலிருந்து 20 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினால், இரவு 11 மணி நேரத்துக்கு 44 யூனிட், வருஷத்துக்குச் சுமார் 16,000 யூனிட் மிச்சம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் பகலிலும் எரிகிற விளக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

மரத்துக்கு ஒரே கேள்வி: இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றப்போவது யார்? குளத்தங்கரைக்குப் பனை விதை போதும், குழி மட்டும் ஆழமாக இருக்கட்டும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அங்கன்வாடிக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, ரேஷன் கடை வாசலில் நிழற்கூரை ஆகியவற்றை ஊராட்சியே செய்யலாம்.

நெல்லை மாநகராட்சியில் இருக்கும் வாசகர்கள் குளத்துக்குப் பதில் குப்பையைக் கேட்கட்டும். இராமையன்பட்டிக் கிடங்குக்கு மக்கும் குப்பை கலந்து போனால் அடியில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் உண்டாகும். கோடையில் தீப்பிடித்தால் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வார்டு வண்டியில் இரண்டு பெட்டி இருந்தும் ஒன்றாகத்தான் கொட்டுகிறார்களா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு கவுன்சிலர் வேட்பாளரிடம் கேளுங்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். வேட்புமனு வாபஸ் முடிந்து சின்னம் ஒதுக்கிய பிறகு போங்கள். அதற்கு முன் பாதிப் பேர் டம்மி. மேளத்தோடு வரும்போது எதைக் கேட்டாலும் ‘சரி’ என்பார்கள். மகளிர் குழுவிலிருந்தும் விவசாயிகளிலிருந்தும் நாலைந்து பேர் சாயங்காலம் வீட்டுக்குப் போய், எல்லா வேட்பாளருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, பதிலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. கணவர் பதில் சொல்ல ஆரம்பித்தால், “அம்மா சொல்லட்டும்” என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது; ஆகவே “கட்சி அறிக்கையில் இருக்கு” என்ற சாக்கும் அங்கே செல்லாது.

ஜெயித்தவரின் தாளை அடுத்து வரும் கிராம சபைக்கு எடுத்துச் செல்லுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் சர்வே எண், நீளம், முடிக்கும் மாதம் மூன்றையும் எழுதச் சொல்லி, பதிவேட்டில் அது ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புகிற ஊர்கள் உண்டு.