வேலையிடத்தில் மனநலம்: யோகா வகுப்புக்குப் பணம் ஒதுக்கும் முன்

கே: எங்கள் பின்னலாடை நிறுவனம் ஊழியர் மனநலத்துக்காக இந்த ஆண்டு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. யோகா வகுப்பு, தியானச் செயலி, மோட்டிவேஷன் பேச்சு என்று மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ‘கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு மன அழுத்தம் குறைந்தது’ என்கிறது ஒன்று. நம்பலாமா?
— எச்.ஆர். அலுவலர், திருப்பூர்

ப: ‘கலந்துகொண்டவர்களில்’ என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். சாயங்காலம் யோகா வகுப்புக்கு யார் வருவார்? டார்கெட்டை முடித்துவிட்டு நேரத்துக்கு எழுந்து வர முடிகிறவர். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஓவர்டைம் பார்க்கிற தையல் லைன்காரர் அந்தப் பக்கமே வரமாட்டார். வந்தவரையும் வராதவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், வகுப்பால் ஒரு பயனும் இல்லாவிட்டாலும் வந்தவர்தான் நலமாகத் தெரிவார்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் இதை 2016-ல் தன் ஊழியர்களிடமே சோதித்தது. சுமார் 4,800 பேரைச் சீட்டுக் குலுக்குகிற முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் நலத்திட்டத்துக்கு அழைத்தார்கள். உடல்நலப் பரிசோதனை, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, தாய்ச்சி என்கிற சீன மென்பயிற்சி எல்லாம் அதில் உண்டு. சேர்ந்தவரையும் சேராதவரையும் ஒப்பிட்டபோது திட்டம் பிரமாத வெற்றி போல இருந்தது. குலுக்கலில் அழைப்பு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டபோது மருத்துவச் செலவிலும் உடற்பயிற்சிக் கூட வருகையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. சேர்ந்தவர்கள் திட்டம் வருவதற்கு முன்பே மருத்துவச் செலவு குறைந்தவர்கள்.

மனநலத்தை நேராகப் பார்த்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் வெளியிட்ட கட்டுரை. பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பேரிடம் எடுத்த கணக்கு அது. செயலி, தியானம், மனஉறுதிப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள், அதே நிறுவனத்தில் சேராத சக ஊழியரைவிட நலமாக இல்லை. தொண்டு வேலைக்கு வாய்ப்புத் தந்தது மட்டுமே சின்ன விலக்கு. ஒரே சமயத்தில் எடுத்த சர்வே என்பதால், ஏற்கெனவே மனம் சோர்ந்தவர்கள்தான் இவற்றை நாடிப் போனார்களோ என்ற சந்தேகத்தை இதிலிருந்து முழுதாக விலக்க முடியாது. அதனால் ‘தியானமே வீண்’ என்று படிக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதலில் அதற்கும் இடம் உண்டு. வேலையைத் தொடாமல் தியானத்தை மட்டும் வைத்து ஒப்பேற்றப் பார்ப்பதுதான் தவறு.

அந்த வழிகாட்டுதல் மேலாளர் பயிற்சியை அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில் 128 மேலாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதிக்கு நான்கு மணி நேரப் பயிற்சி தந்தார்கள். மனநலப் பாதிப்பை அடையாளம் காண்பது, பேச்சை எப்படித் தொடங்குவது, விடுப்பில் இருப்பவரோடு எப்படித் தொடர்பில் இருப்பது, இவ்வளவுதான் பாடம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்குக் கீழே இருந்தவர்களிடம் வேலை சார்ந்த நோய் விடுப்பு 18 சதவீதம் குறைந்திருந்தது. சாதாரண நோய் விடுப்பில் அப்படி மாற்றம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்களைக் கேட்டால், மூன்று லட்சத்தில் பெரும்பங்கு லைன் சூப்பர்வைசர்களின் பயிற்சிக்குப் போகட்டும். ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மேடைப் பேச்சாக இல்லாமல், ‘நாலு நாளாக லீவு போட்டவர் திரும்பி வருகிறார், முதல் வார்த்தை என்ன?’ என்று ஜோடி ஜோடியாகப் பேசிப் பழக வேண்டும். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். மோட்டிவேஷன் பேச்சைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

கே: ஊழியர்களிடம் மன அழுத்த சர்வே எடுத்தோம். எல்லோரும் ‘மிக நன்று’ என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஆட்கள் வேலையை விட்டு நின்றுகொண்டே இருக்கிறார்கள். எங்கே பிசகினோம்?
— தொழிற்சாலை மேலாளர், ஓசூர்

ப: படிவத்தில் எம்ப்ளாயி நம்பர் கேட்டிருப்பீர்கள். கேட்கவில்லையென்றால் பிரிவு, வயது, சர்வீஸ் மூன்றையும் கேட்டிருப்பீர்கள். ஆறு பேர் உள்ள பிரிவில் அது பெயரைக் கேட்டதற்குச் சமம். அல்லது படிவத்தைத் திரும்ப வாங்கியவர் சூப்பர்வைசராக இருந்திருப்பார்.

ஜப்பானில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள பணியிடங்களில் 2015 டிசம்பர் முதல் ஆண்டுக்கொரு மன அழுத்தச் சோதனை சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் 57 கேள்விகள் கொண்ட படிவம். ஊழியர் சம்மதிக்காமல் அவருடைய முடிவை முதலாளி பார்க்க முடியாது. அங்கே கிடைத்த இன்னொரு பாடம்: சோதனை மட்டும் நடந்த இடங்களைவிட, அதோடு வேலைச்சூழலையும் திருத்திய இடங்களில்தான் ஊழியரின் மனநிலை தேறியது.

உங்களுக்குப் பிரிட்டன் அரசின் வேலையிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ.யின் 35 கேள்விப் படிவம் பொருந்தும். வேலைப் பளு, தன் வேலையில் தனக்குள்ள பிடி, மேலிருந்தும் உடனிருந்தும் கிடைக்கும் துணை, உறவுகள், ‘என் வேலை எது’ என்ற தெளிவு, மாற்றங்களை அறிவிக்கும் விதம் என்று ஆறு பக்கமும் கேட்கிறது. நல்ல பேச்சுத் தமிழில் மொழிபெயர்த்து, ஐந்து பேரிடம் படிக்கக் கொடுத்துத் திருத்துங்கள். பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். பிறகு, சூப்பர்வைசர் இல்லாமல் ஆறிலிருந்து பத்துப் பேரை ஒரு மணி நேரம் உட்காரவைத்து ‘இதில் எது உண்மை?’ என்று கேளுங்கள். படிவத்தில் வராதது அங்கே வரும்: ஷிப்ட் மாற்றம் முதல் நாள் இரவு வாட்ஸ்ஆப்பில்தான் தெரிகிறது, கழிவறைக்குப் போக மாற்றாள் இல்லை.

வந்தவற்றில் இரண்டை மட்டும் எடுங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு மாதத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்னால் ஒட்டுவதற்குக் காசு செலவில்லை. இது நடக்காவிட்டால் அடுத்த சர்வேயிலும் ‘மிக நன்று’தான்.

பலனை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. மிக மோசமான லைனைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் அது எப்படியும் கொஞ்சம் தேறும். உச்சத்தில் இருக்கும் காய்ச்சல் மருந்தில்லாமலும் இறங்குவது போல. ஆர்டர் நெருக்கடி மாதத்தையும் மந்த மாதத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதை. நான்கு லைன் இருந்தால் சீட்டுப் போட்டு இரண்டில் இப்போது மாற்றுங்கள், மீதி இரண்டில் ஆறு மாதம் கழித்து. அந்த ஆறு மாத முடிவில் நான்கையும் ஒரே வாரத்தில் அளந்தால், மாற்றம் எதனால் வந்தது என்று ஓரளவு தெரியும்.

கே: வாரத்துக்கு நான்கு நாள் வேலை என்றால் மன அழுத்தம் குறையுமா?
— ஐ.டி. ஊழியர், சென்னை

ப: எந்த நான்கு நாள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 2022-ல் 61 நிறுவனங்கள், சுமார் 2,900 பேர், சம்பளம் குறையாமல் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். வேலையால் வரும் களைப்பும் சலிப்பும் (பர்ன்அவுட்) பெரும்பாலோருக்குக் குறைந்திருந்தது. தாமாக முன்வந்த நிறுவனங்கள், குலுக்கலும் இல்லை, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். அங்கே குறைந்தது மொத்த நேரம். 48 மணி நேரத்தைப் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு நாளில் அடைப்பது வேறு சமாச்சாரம்; 2023-ல் தமிழ்நாட்டில் சட்டமுன்வடிவாக வந்து எதிர்ப்பில் திரும்பப் பெறப்பட்டதே, அந்த வகை. முந்தையதன் சான்றைக் காட்டிப் பிந்தையதை விற்பார்கள், கவனம்.

கே: ஆலையில் விபத்து நடந்தது. பார்த்தவர்கள் எல்லோரையும் மறுநாளே உட்காரவைத்து நடந்ததைப் பேசவைக்கலாமா?
— பாதுகாப்பு அலுவலர், ராணிப்பேட்டை

ப: கட்டாயப்படுத்திப் பேசவைக்காதீர்கள். ஒரே அமர்வில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்லவைக்கும் முறை பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குக் கூட்டக்கூடும் என்றும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. வீட்டுக்குப் பத்திரமாகப் போக வண்டி, சம்பளம் பிடிக்காத விடுப்பு, அதே மெஷினில் உடனே நிற்க வேண்டாம் என்ற உறுதி, இவை முதலில். பேச விரும்புகிறவருக்கு ஆள் இருக்கட்டும். ஒரு மாதம் கழிந்தும் தூக்கம் கெட்டு, காட்சி திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம்.

கே: மனச்சோர்வு நோய்க்கு மூன்று மாத விடுப்பு முடிந்து ஓர் ஊழியர் திரும்புகிறார். என்ன வேலை கொடுப்பது?
— கிளை மேலாளர், மதுரை

ப: சிகிச்சையோடு வேலையிலும் மாற்றம் செய்தால் நோய் விடுப்பு நாட்கள் குறைகின்றன என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போனில் பேசுங்கள். டாக்டர் ஒப்புக்கொண்டால் முதல் இரண்டு வாரம் அரை நாள், அடுத்த இரண்டு வாரம் ஆறு மணி நேரம். தேங்கிய மூன்று மாத ஃபைலை அவர் மேஜையில் அடுக்கி வைக்காதீர்கள். அதற்காகக் கவுன்டரில் வெறுமனே உட்காரவைப்பதும் கூடாது, அது தண்டனை மாதிரி. முழுதாக முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். சில மருந்துகள் காலையில் தூக்கக் கலக்கம் தரும், பத்தரைக்கு வருவதால் கிளை மூழ்கிவிடாது. வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் தனியாக, ‘வேலை எப்படிப் போகிறது?’ என்று கேளுங்கள். நோயின் பெயர் கிளையில் வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் கேட்டால் ‘மெடிக்கல் லீவு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.