அலாஸ்காவின் 1988 வாக்கெடுப்பு: குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை கிடைத்ததா?

மாநில அரசியலமைப்பைத் திருத்திவிட்டால் உள்ளூர் மக்களுக்கு வேலையில் முன்னுரிமை தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மக்கள் 1988-இல் அத்தகைய திருத்தத்திற்கு வாக்களித்து ஒப்புதல் தந்தார்கள். ஆனாலும் அதனால் கிடைத்தது குறைவே.

எண்ணெய்க் குழாய்த்திட்டம் தந்த வேலைகள் வெளிமாநிலத்தவருக்குப் போய்விடக் கூடாது என்று அலாஸ்கா 1972-இல் இயற்றிய சட்டத்தை, ஒரு மாநிலத்தின் குடிமக்களுக்குரிய அடிப்படைச் சலுகைகளைப் பிற மாநிலத்தவருக்கும் மறுக்கக் கூடாது என்னும் கூட்டாட்சி விதியைக் காட்டி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல் ஒருமனதாகச் செல்லாததாக்கியது. பொதுப்பணிகளில் உள்ளூர்த் தொழிலாளர்களையே அமர்த்த வேண்டும் என்ற பிந்தைய சட்டத்தையும் 1986-இல் மாநில உச்ச நீதிமன்றமே அதே விதியின்படி தள்ளியது.

இப்பின்னணியில்தான் 1988 திருத்தத்தால் மாநில அரசியலமைப்பின் முதல் உறுப்பில் 23-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும்: குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை தருவதை இந்த அரசியலமைப்பு தடுக்கவில்லை, ஆனால் அமெரிக்க அரசியலமைப்பு அனுமதிக்கும் அளவுக்கு மட்டுமே. அதாவது, திருத்தம் மாநிலத்தின் சொந்தத் தடையைத்தான் அகற்றியது. பெரிய தடையோ மாநில வாக்காளர்களின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

மாநிலத்துக்குள்ளேயே, வேலையின்மை மிகுந்த பகுதியினருக்குத் தரப்பட்ட முன்னுரிமையும் 1989-இல் மாநிலத்தின் சமத்துவ விதியால் வீழ்ந்தது. 23-ஆம் பிரிவு மாநிலத்தவர், வெளிமாநிலத்தவர் வேறுபாட்டை மட்டுமே பேசுகிறது. வேலையின்றித் தவித்த கிராமத்தவர்களை எண்ணும்போது எனக்கு இது வருத்தமளிக்கிறது. ஆயினும் சட்டத்தின் தர்க்கம் தெளிவானது.